எடின்பரோவில் கேட்ட சிநேகம்

1910-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20-ஆம் தேதி மாலை, ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், ஐக்கிய சுயாதீனத் திருச்சபையின் பேரவை மண்டபத்தில், உலகின் பல பாகங்களிலும் சுவிசேஷப் பணி நடத்திவந்த சங்கங்களின் பிரதிநிதிகள் ஏறத்தாழ 1,200 பேர் கூடியிருக்க, திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டுச் சிற்றூர்களில் ஒன்றான வெள்ளாளன்விளையில் பிறந்த முப்பத்தைந்து வயதுத் தமிழர் ஒருவர் பேச எழுந்தார். அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. குருப்பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. ஆசியாவிலிருந்து அந்த மகாநாட்டுக்கு வந்திருந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. வந்தவர்களும் தங்கள் நாட்டில் மிஷன்கள் செய்த உபகாரங்களை எடுத்துரைத்து நன்றி பாராட்டுவார்கள் என்றே சபையோரில் பலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அன்று அசரியாவுக்குக் குறிக்கப்பட்ட விஷயமோ, வெளிநாட்டு ஊழியரும் சுதேச ஊழியரும் ஒத்துழைப்பதில் உள்ள பிரச்சினை என்பது.

அவர் பிரச்சினையைச் சுற்றி வளைக்கவில்லை. இந்தியாவில் மிஷனெரிமாருக்கும் அந்நாட்டு ஊழியருக்கும் இடையே ஒரு விலகல் இருக்கிறது என்றும், ஒருவர் மனத்தை ஒருவர் அறியாமலும் மனந்திறந்து பேசாமலும் ஆண்டுக்கணக்காக ஒரே திராட்சத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள் என்றும், ஒரே சபையில் நெடுங்காலம் ஊழியம் செய்த உபதேசியாரின் வீட்டு வாசற்படியை ஒருமுறைகூட மிதித்திராத மிஷனெரிகள் உண்டு என்றும், விதிவிலக்கானவர்களுக்கு உரிய மரியாதையைச் செலுத்திய பின்னரே, தயக்கமின்றிச் சொன்னார். அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை நினைவூட்டும் நடையில், தியாகங்களையெல்லாம் வரிசைப்படுத்திவிட்டு, அவற்றுக்கு மேலாகத் தமக்கும் தம் ஜனங்களுக்கும் அன்பு வேண்டும் என்றும், நண்பர்களைத் தரவேண்டும் என்றும் கேட்டு முடித்தார். மண்டபத்தில் ஒருவிதச் சங்கடம் பரவியதாகவும், தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த மிஷனெரிகள் சிலருக்கு அந்தப் பேச்சு கசந்ததாகவும் அக்காலத்தார் குறித்திருக்கின்றனர். கசந்ததில் வியப்பில்லை. பிழை செய்தவன் என்று ஒருவனைக் குற்றஞ்சாட்டினால் அவன் மறுத்து வாதாடலாம். நீ எனக்குச் சிநேகிதனாக இருக்கவில்லை என்று சொன்னால் அதற்கு என்ன வாதம் இருக்கிறது?

இந்தப் பிரசங்கத்தின் முடிவுரையே பிற்காலத்தில் மேற்கோளாக ஊர் சுற்றியது. ஆனால் அதன் உயிர் அதற்குச் சற்று முன்பாகவே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கிறிஸ்துவின் மகிமையின் ஐசுவரியத்தை ஆங்கிலேயரோ அமெரிக்கரோ தனித்து நின்று முழுதும் உணர்ந்துவிட முடியாது, இந்தியரோ சீனரோ ஜப்பானியரோ தனித்து நின்றும் உணர்ந்துவிட முடியாது, எல்லாரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டு சேர்ந்து உழைக்கும்போதே அது விளங்கும் என்ற பொருளில் அவர் அங்கே பேசினார். அப்படியானால் சிநேகம் என்பது விசுவாசத்தோடு கூட வைத்துக்கொள்ளும் ஓர் இனிமை மட்டுமன்று; விசுவாசிக்கிற பொருளை அறிந்துகொள்வதற்கே அது வேண்டியிருக்கிறது. அவர் அன்று கேட்டது மரியாதையை அன்று, இரக்கத்தை நிச்சயமாக அன்று.

இந்தப் பேச்சு எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்பதை அறிய, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷன் வளவு ஒன்றை மனத்தில் கொண்டுவர வேண்டும். நடுவில் உயர்ந்த தாழ்வாரத்தோடு கூடிய பங்களா. அதில் துரையும் துரைசானியும். சற்றே தள்ளிப் பள்ளிக்கூடம், விடுதி, உபதேசியாரின் சிறு வீடு. சேகரத்தின் கணக்கும், பள்ளி ஆசிரியரின் நியமனமும், உபதேசியாரின் இடமாற்றமும், மாதச் சம்பளமும் பங்களாவின் மேஜையிலிருந்தே புறப்பட்டன. அந்தத் துரை நல்லவராகவே இருந்திருக்கலாம். காய்ச்சலில் கிடந்தவனுக்கு மருந்து கொடுத்திருக்கலாம். பஞ்ச காலத்தில் நெல் வாங்கி அளந்திருக்கலாம். தமிழை நம்மில் பலரைவிட இலக்கணப் பிழையின்றிப் பேசியுமிருக்கலாம். ஆயினும், சம்பளம் கொடுக்கிறவரிடம் சம்பளம் வாங்குகிறவன், ‘ஐயா, நீங்கள் செய்தது தவறு’ என்று எப்படிச் சொல்வான்? சொல்ல முடியாத இடத்தில் பணிவு இருக்கும், விசுவாசம்கூட இருக்கும், சிநேகம் இராது. எடின்பரோவில் அசரியா இதையும் தொடாமல் விடவில்லை: எஜமானன் வேலைக்காரன் என்ற உறவு நீங்கி, பொறுப்பு இந்தியர் கைக்கு வந்தாலன்றி நட்புக்கு இடமில்லை என்பதை அவர் கண்டிருந்தார்.

நியாயத்தின் பொருட்டு இன்னொன்றும் சொல்லவேண்டும். சமமான இடம் மறுத்தவர்கள் வெள்ளையர் மட்டுமல்லர். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களின் பழைய சபைகளில் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்து ஆராதித்த வழக்கம் நெடுநாள் இருந்தது. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று கண்டிப்பான நிருபம் அனுப்பியபோது, அதனை எதிர்த்துப் பிரிந்து போனவர்கள் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர்களில் தலைசிறந்தவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்கூட, சாதி வழக்கங்களை அகற்ற முற்பட்ட இளம் மிஷனெரிகளை எதிர்த்து எழுதியவரே. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க மனமில்லாதவர்கள், பங்களாத் துரை தங்களைத் தம் போஜன மேஜைக்கு அழைக்கவில்லையென்று குறைப்படுவதில் ஒரு நகைப்பு உண்டுதான். அசரியா அந்த நகைப்புக்கு இடம் கொடாதவர். பின்னாளில் தோர்ணக்கல் அத்தியட்சராக அவர் தம் வாழ்நாளைக் கழித்தது பெரும்பாலும் தெலுங்கு நாட்டின் ஒடுக்கப்பட்ட மாலர், மாதிகர் நடுவிலேயே.

நண்பர்களைக் கேட்டவர் நண்பரை அறியாதவராக இருந்து கேட்கவில்லை. அதுதான் அந்தப் பேச்சுக்கு வலிமை. 1874 ஆகஸ்டு 17-ஆம் தேதி ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்து, மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெறாமலே வெளியேறிய அசரியா, 1895-இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.யில் காரியதரிசியாகச் சேர்ந்தார். அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து அதே சங்கத்தின் பணிக்காக ஷெர்வுட் எடி என்னும் இளைஞர் வந்து இறங்கினார். கான்ஸாஸ் மாகாணத்தில் லெவன்வொர்த் என்னும் ஊரில் பிறந்தவர்; யேல் சர்வகலாசாலையில் படித்தவர்; அசரியாவைவிட மூன்று வயது மூத்தவர்; குடும்பச் சொத்து இருந்தமையால் சங்கத்தின் ஊதியத்தை நம்பி வாழவேண்டிய அவசியமில்லாதவர். தமிழ் கற்றுக்கொண்டு, அசரியாவோடு மாணவர் நடுவிலும் கிராமங்களிலும் சுற்றினார். இருவரும் சேர்ந்து ஜெபித்தார்கள், சேர்ந்து பிரசங்கித்தார்கள், ஒருவர் திட்டத்தை ஒருவர் அறுத்துப் பார்த்தார்கள்.

இங்கே கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. இவ்விருவரில் ஒருவர் மற்றவருக்குச் சம்பளம் கொடுப்பவரல்லர். ஒரே சங்கத்தின் ஊழியர்கள்; அந்தச் சங்கமும் எந்த ஒரு சபைக்கும் அடங்காதது. மிஷன் வளவில் முளைக்க முடியாத சிநேகம் வாலிபர் சங்கத்தில் முளைத்ததற்கு அவ்விருவரின் நற்குணம் மட்டும் காரணமன்று. இந்த அமைப்பும் காரணம். நல்ல மனிதர்கள் இரண்டு பக்கத்திலும் எப்போதுமே இருந்தார்கள்.

அந்தச் சிநேகம் சும்மா இருக்கவில்லை. 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பொருளைக் கொண்டு சுவிசேஷ ஊழியம் நடத்துவதைக் கண்டு, நூறு வருஷத்துக்கு மேலாகக் கிறிஸ்தவம் வேரூன்றிய திருநெல்வேலியில் அப்படியொன்று இல்லையே என்று வெட்கினார். அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி, பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. எடி அதற்குத் துணை நின்றார். 1905 கிறிஸ்துமஸ் தினத்தன்று, வங்காளத்துச் செராம்பூரில், வில்லியம் கேரியின் புத்தகசாலையில், தேசிய மிஷனெரி சங்கம் என்ற பெயரில் அகில இந்தியாவுக்கும் உரிய ஒரு ஸ்தாபனம் எழுந்தது. இந்தியரின் ஆட்கள், இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. பிற தேசத்து நண்பர் ஒருவர், தம் தேசத்தார் கையிலிருந்து அதிகாரம் நழுவுவதற்கு வழிவகுக்கும் சங்கங்களுக்கு மகிழ்ச்சியோடு கைகொடுத்தார் என்பது, அந்நாளைய மனநிலையை அறிந்தவர்களுக்குச் சிறிய காரியமாகத் தோன்றாது.

அவர்களுக்கிடையே ஒரு வேலியும் இருந்தது. எடி காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்தவர், அசரியா ஆங்கிலிக்கன். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவின் பரிசுத்த பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். சென்னை அத்தியட்சர் ஹென்றி வைட்ஹெட் பல எதிர்ப்புகளைத் தாங்கி அதனை நிறைவேற்றினார். அவரும் அசரியாவின் நண்பர்களில் வைத்து எண்ணத் தக்கவரே. அத்தியட்சரான பின்பு வேலி உயர்ந்தது. அந்நாளைய சபை ஒழுங்குப்படி, கூட உழைத்த ஆப்த நண்பரின் சபையில் ஆங்கிலிக்கன் ஒருவர் நற்கருணை பெறுவது முறையன்று. இந்தியாவுக்குச் சம்பந்தமேயில்லாத பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சண்டைகளின் சுவடு அது. 1919 மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் சீகன்பால்கு கரையிறங்கிய அதே ஊரில், பல சபைகளைச் சேர்ந்த ஊழியர் 33 பேர் கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்ற அறிக்கையை வெளியிட்டனர். கூடியவர்களில் இருவர் தவிர மற்றெல்லாரும் இந்தியர். அவ்விருவரில் ஒருவர் எடி. கொள்கைப் பண்டிதர்கள் அந்த அறிக்கையின் ஷரத்துகளை ஆராய்வார்கள், ஆராயட்டும். இருபத்துமூன்று வருஷம் கூடவே நடந்தும் ஒரே பந்தியில் திருவிருந்து கொள்ளமாட்டாத இரு நண்பரின் ஏக்கமும் அதற்குள் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். பேச்சுவார்த்தை நீண்டுகொண்டே போயிற்று. அசரியா 1945 ஜனவரி முதல் தேதி காலமானார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னையில் உதயமாயிற்று. எடி 1963 வரை இருந்தார்.

எடின்பரோவில் எழுந்த வேண்டுகோளுக்கு மிகத் தெளிவான பதில் எங்கே கிடைத்தது என்று கேட்டால், ஜோலார்பேட்டைக்குத் தெற்கே, ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் நடுவிலுள்ள திருப்பத்தூரைக் காட்டலாம். அன்று அது வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. டாக்டர் சவரிராயன் ஏசுதாசன் 1882-இல் பிறந்த தமிழர். பிரிட்டனில் வைத்தியம் பயின்றவர். டாக்டர் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் 1891-இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், அலோவா நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திப் பெருஞ்செல்வம் திரட்டிய பேட்டன் குடும்பத்தின் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் இருவரும் சந்தித்து நண்பரானார்கள். பின்னர் இந்தியா வந்து மிஷன் அமைப்பின் கீழ்ப் பணி செய்து பார்த்தார்கள். அந்த அமைப்பில் தங்கள் நட்புக்கு ஏற்ற சமத்துவம் இல்லையென்று கண்டு அதைவிட்டு விலகி, 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்தார்கள். நம் நாட்டில் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர் அமைத்த ஆசிரமங்களில் அதை முதலாவதாகச் சொல்லுவது வழக்கம்.

அங்கே சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. மணம் செய்யாதவர்களாக, பொருளைப் பொதுவில் வைத்து, கதர் உடுத்து, தரையில் அமர்ந்து, மரக்கறி உணவை ஒரே பந்தியில் உண்டு, சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும், பேட்டனைச் சின்னண்ணன் என்றும் ஆசிரமத்தார் அழைத்தனர். வயதுப்படி அது சரியே. ஒன்பது வயது மூத்தவர் ஏசுதாசன். ஆனால் ராஜ்யமும் பணமும் எந்தப் பக்கம் இருந்தனவோ அந்தப் பக்கத்தவர் தம்பி ஸ்தானத்தில் இருந்துகொண்டு, ஆளப்பட்ட ஜாதியைச் சேர்ந்தவரை மூத்தவராக வைத்து நடந்தார் என்பதை 1921-ஆம் ஆண்டின் கண்ணோடு பார்க்கவேண்டும். ஜாலியன்வாலாபாக் நடந்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. ரயிலில் ஐரோப்பியருக்கென்று தனிப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நாளில் ஆலை முதலாளியின் மகன் ஒருவர், தம் குடும்பப் பொருள் செலவாகி எழும்பிய ஸ்தாபனத்தில் இரண்டாமவராக இருக்கச் சம்மதித்தார். கொடுத்ததைவிட இதுவே கடினம். கொடுத்துவிட்டு முதல்வராக இருந்த புண்ணியவான்கள் நம் நாட்டு மிஷன் சரித்திரத்தில் ஏராளம்.

இந்த ஏற்பாடு வெறும் நாடகமாக முடிந்திருக்கலாம். அது நாடகமன்று என்பதற்கு 1932-இல் சோதனை வந்தது. சட்டமறுப்பு இயக்கம் உச்சத்தில் இருந்தபோது, சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதருடையோடு காணப்பட்ட பேட்டனைப் போலீசார் தடிகொண்டு அடித்து, தண்ணீர் பீய்ச்சி நனைத்தார்கள். அடிபட்டவர் யார் என்பது பின்னர் தெரிந்தபோது, செய்தி லண்டன் வரை போய்ப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. இந்தியர் எத்தனையோ பேர் அதே தெருவில் அதே தடியால் அடிபட்டும் அவர்களைப்பற்றி அங்கே அந்த அளவுக்குக் கேள்வி எழவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு கோணிப்போகும். நண்பனின் உடையை உடுத்தவருக்கு நண்பனுக்குக் கிடைக்கக்கூடியதே கிடைத்தது.

ஆசிரமத்தின் ஜெபாலயம் 1930-களின் தொடக்கத்தில் எழுந்தது. கோபுரமும் மண்டபமும் தூண்களுமாகத் தமிழ்நாட்டுச் சிற்ப முறையில் கட்டப்பட்ட அதனைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் ஊர்க்கோயில் என்றே எண்ணுவர். தோர்ணக்கலில் அசரியா பல ஆண்டு உழைத்துக் கட்டி 1939-இல் பிரதிஷ்டை செய்த பேராலயத்திலும் இந்து, இஸ்லாமியச் சிற்ப மரபுகள் கிறிஸ்தவ மரபோடு கலந்து நிற்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டுக் கலைவல்லார் பேசலாம். எனக்குத் திருப்பத்தூர்க் கோபுரத்தைவிட அதன் கீழிருந்த வாழ்க்கைமுறையே முக்கியமாகப் படுகிறது. ஏசுதாசன் 1937-இல் ஆசிரமங்களின் பழமையையும் புதுமையையும்பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அவருக்கு அது தம் நண்பரோடு பதினாறு வருஷம் வாழ்ந்து பார்த்த விஷயம்.

ஒளிவுமறைவற்ற சிநேகத்துக்கு மற்ற உதாரணங்களும் அந்தத் தலைமுறையில் உண்டு. 1904-இல் டில்லிப் பரிசுத்த ஸ்தேவான் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த சார்ல்ஸ் பிரீர் ஆண்ட்ரூஸ், சிறிது காலத்திலேயே அங்குத் தலைவர் பதவி காலியானபோது, வயதிலும் அனுபவத்திலும் மூத்த சுசீல் குமார் ருத்ரா இருக்கத் தாம் அதை ஏற்பது தகாது என்று வாதாடி, ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்தியத் தலைவராக வழி செய்தார். காந்தியடிகளுக்கு நெருங்கியவராக ஆண்ட்ரூஸை உலகம் அறியும். இந்தியாவை அவருக்கு முதலில் அறிமுகப்படுத்திய நண்பர் ருத்ராவே.

திருப்பத்தூருக்குப் பின் ஆசிரமங்கள் பெருகின. 1922-இல் ஜாக் வின்ஸ்லோ தொடங்கிய கிறிஸ்த சேவா சங்கம் முதலில் அகமத்நகரிலும் பிறகு பூனாவிலும் நடந்தது; 1950-இல் மோன்ஷனேன், லெ சோ என்ற பிரெஞ்சுக் குருமார் இருவர் குளித்தலையருகே காவிரிக்கரையில் சாந்திவனத்தை அமைத்தனர். காவியும் கதரும், தரையில் அமர்ந்த ஆராதனையும், கோபுரமும் இக்காலத்துச் சபைகள் சிலவற்றில்கூடச் சுலபமாக நுழைந்துவிட்டன. பெரியண்ணன் 1969-இலும் சின்னண்ணன் அதற்கு அடுத்த ஆண்டும் காலமாயினர். அவர்கள் காலத்தில் அந்த ஆசிரமத்தில் இருந்த பொதுப் பணப்பையையும், பணம் கொண்டுவந்தவர் இளையவராக இருந்த ஒழுங்கையும், அந்த வேகத்தில் யாரும் பின்பற்றியதாகத் தெரியவில்லை.